'நிம்' உதிரும் நேரம்: கொரிய அலுவலகக் காதல் தொடர்களுக்குள் நுழைய ஒரு வழிகாட்டி

"ஒரு கொரியத் தொடர் சொல்லுங்கள்" என்று கேட்டால் ஆளுக்கு இருபது பெயர் சொல்வார்கள். கேட்டவர் அதில் ஒன்றை எடுப்பார். பெயர்கள் எல்லாம் கிம், லீ, பார்க் என்று ஒன்றுபோலவே இருக்கும். யார் யாருக்கு மேலதிகாரி என்று பிடிபடாது. மூன்றாம் பகுதியில் தூக்கம் வந்துவிடும். முதல் முறை நானும் இப்படித்தான் தோற்றேன். இருபது பகுதிகள் கொண்ட பழைய தொடர் ஒன்றை இரவு பதினொரு மணிக்குத் தொடங்கி, நாயகன் ஏன் எல்லோரிடமும் எரிந்து விழுகிறான் என்று விளங்காமலேயே மூடிவைத்தேன். தொடர் நல்ல தொடர்தான். நான் நுழைந்த வாசல்தான் சரியில்லை.

இங்கே சொல்லப்போவது ஒரே ஒரு வகைக்கான வாசல். மேலதிகாரிக்கும் அவருக்குக் கீழே வேலை செய்பவருக்கும் காதல் வரும் தொடர்கள். மேலோட்டமாகப் பார்த்தால் பணக்கார இளைஞன், கடன்பட்ட குடும்பத்துப் பெண், மழை, ஒரு குடை, அவ்வளவுதான். ஆனால் காதைத் தீட்டிக்கொண்டு பார்த்தால் வேறொன்று நடப்பது தெரியும். ஒருவரை ஒருவர் பதவிப் பெயரால் மட்டுமே அழைத்துவந்த இருவர், கொஞ்சம் கொஞ்சமாகச் சொந்தப் பெயருக்கு வந்து சேர்கிறார்கள். அந்தப் பயணத்தைக் கேட்கப் பழகிவிட்டால், பார்த்துப் புளித்த கதையும் சுவைக்கும். கீழே உள்ள படிகள் அதற்காகத்தான்.

முதல் படி: பன்னிரண்டு பகுதிகளில் தொடங்குங்கள்

'பிசினஸ் புரொபோசல்' என்ற தொடரை எடுத்துக்கொள்ளுங்கள். 2022 பிப்ரவரி 28 முதல் ஏப்ரல் 5 வரை எஸ்பிஎஸ் தொலைக்காட்சியில் வந்தது, நெட்ஃபிளிக்ஸிலும் கிடைக்கிறது. மொத்தம் 12 பகுதிகள். ஷின் ஹா-ரி (கிம் சே-ஜோங்) ஓர் உணவு நிறுவனத்தில் ஆராய்ச்சியாளர். பணக்காரத் தோழி ஒருத்திக்கு வீட்டில் வரன் பார்க்கிறார்கள். தோழிக்குப் பதிலாக ஹா-ரி போக வேண்டும். போய், மாப்பிள்ளை தலைதெறிக்க ஓடும்படி நடந்துகொள்ள வேண்டும். போய் உட்கார்ந்தால் எதிரே இருப்பவன் அவளுடைய நிறுவனத்தின் புதிய தலைவன் காங் தே-மூ (ஆன் ஹ்யோ-சோப்). அவனோ தாத்தாவின் திருமண நச்சரிப்பு தாங்காமல், அடுத்து வருகிற பெண் யாராக இருந்தாலும் கட்டிக்கொள்வது என்று முடிவு செய்துவிட்டு வந்திருக்கிறான். விரட்ட வந்தவள் மாட்டிக்கொள்கிறாள்.

கொரியத் தலைப்பு 'சானே மாட்சொன்'. 'நிறுவனத்துக்குள் பெண் பார்த்தல்' என்று சொல்லலாம். மாட்சொன் என்பது பெரியவர்கள் ஏற்பாடு செய்யும் சந்திப்பு. நம் வீட்டுக் கூடத்தில் சொந்தபந்தம் சூழ நடப்பது அங்கே பெரும்பாலும் ஹோட்டல் காபிக்கூடத்தில் இருவர் மட்டும் எதிரெதிரே உட்கார்ந்து நடக்கும். பஜ்ஜி கிடையாது.

ஏன் இதில் தொடங்கச் சொல்கிறேன்? ஆள்மாறாட்டக் கதை என்பதால் யார் எதை மறைக்கிறார்கள் என்பது முதல் பகுதியிலேயே தெளிவாகிவிடும். தோழிக்கும் தலைவனின் செயலாளருக்கும் இடையே இரண்டாவது காதல் ஒன்று ஓடுகிறது. முதல் ஜோடி சலித்தால் அது தூக்கிப் பிடிக்கும். இவற்றைவிட முக்கியம், இந்த வகைக்கே உரிய பழைய வித்தைகளை எல்லாம் இது தெரிந்தே செய்கிறது, செய்துவிட்டுத் தானே சிரிக்கிறது. தொடருக்குள் ஒரு கற்பனைத் தொடர் வரும். குழுமத்தையே ஆளும் தே-மூவின் தாத்தா அதை விழுந்து விழுந்து பார்ப்பார். கோடிகளை ஆளும் கிழவருக்கும் வறுத்த கோழிக்கடைக்காரரின் மகளுக்கும் பொதுவாக இருப்பது ஒரு கண்ணீர்த் தொடர். இந்தக் குறும்பு பிடித்துப்போனால் இந்த வகை உங்களுக்கு ஒத்துவரும். இரண்டு பகுதி முடிந்தும் ஒரு முறைகூடச் சிரிப்பு வரவில்லை என்றால் வற்புறுத்திக்கொள்ள வேண்டாம், கொலை விசாரணைத் தொடர்கள் பக்கம் போய்விடுங்கள்.

இரண்டாம் படி: ஒலியை முடிவு செய்யுங்கள்

தொடரைத் திறந்ததும் ஒலி மொழிப் பட்டியலைப் பாருங்கள். சிலவற்றுக்குத் தமிழ்க் குரல் இருக்கும். சமைத்துக்கொண்டோ துணி மடித்துக்கொண்டோ பார்ப்பவருக்கு அது வசதி. என் பரிந்துரை கொரிய ஒலியும் கீழே எழுத்தும்தான். காரணம் நான்காம் படியில் வருகிறது. இரண்டுக்கும் நடுவழி ஒன்று உண்டு: முதல் பகுதியைத் தமிழில் பார்த்து ஆட்களை அடையாளம் கண்டுகொள்ளுங்கள், இரண்டாவதிலிருந்து கொரியத்துக்கு மாறுங்கள். வீட்டுப் பெரியவர்கள் கூட இருந்தால் பேச்சே இல்லை, தமிழ்தான்.

பெயர்க் குழப்பத்துக்கு ஒரு சிறு மருந்து. கொரியாவில் குடும்பப் பெயர் முன்னால் வரும். ஷின் ஹா-ரி என்றால் ஷின் குடும்பம், ஆள் ஹா-ரி. நம் தலைப்பெழுத்து மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். முன்னால் வரும் கிம்மையும் லீயையும் மறந்துவிட்டுப் பின்னால் வரும் இரண்டு அசைகளை மட்டும் பிடித்துக்கொண்டால் போதும், கூட்டம் சட்டென்று குறையும்.

மூன்றாம் படி: ஏணியை மனப்பாடம் செய்யுங்கள்

மனப்பாடம் என்றதும் பயப்பட வேண்டாம், பத்துச் சொற்கள்தான். ஆனால் இவை தெரியாமல் அலுவலகத் தொடர் பார்ப்பது, சீட்டின் மதிப்புத் தெரியாமல் சீட்டாட்டம் பார்ப்பது மாதிரி.

அடியில் இருப்பவர் 'சாவோன்', சாதாரண ஊழியர். சில ஆண்டுகள் கழித்து 'தேரி' ஆவார். அதற்கு மேல் 'க்வாஜாங்', பிரிவுத் தலைவர். அவருக்கு மேல் 'ச்சாஜாங்'. அதற்கும் மேல் 'புஜாங்', துறைத் தலைவர். இதுவரை சம்பளக்காரர்களின் உலகம். இதைத் தாண்டினால் 'இசா', 'சாங்மு', 'ஜோன்மு' என்று இயக்குநர் வரிசை தொடங்கும். உச்சியில் 'சாஜாங்', நிறுவனத் தலைவர். பல நிறுவனங்களைக் கட்டியாளும் குழுமம் என்றால் அவருக்கும் மேலே 'ஹ்வேஜாங்' என்ற பெருந்தலைவர்; அவர்தான் தாத்தா அல்லது அப்பா. குடும்பத்தின் கையில் இருக்கும் இத்தகைய பெருங்குழுமத்துக்கு 'செபோல்' என்று பெயர். ச்சாஜாங்கையும் சாஜாங்கையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். முன்னவர் மாதச் சம்பளத்தை எண்ணுபவர், பின்னவர் கையெழுத்துப் போட்டு அதைக் கொடுப்பவர்.

நாயகர்களுக்கென்றே ஒதுக்கப்பட்ட இரண்டு பதவிகள் உண்டு. பழைய தொடர்களில் நாயகன் 'ஷில்ஜாங்', அதாவது ஓர் அலுவலகப் பிரிவின் பொறுப்பாளன், ஆக இருப்பான். பிற்பாடு 'போன்புஜாங்', அதாவது ஒரு பெரும் பிரிவின் தலைவன். ஏன் இந்தப் பதவிகள்? எழுதுகிறவரின் கணக்கு எளிது. முப்பது வயதில் ஒருவன் அழகாகவும் இருக்க வேண்டும், அதிகாரமும் வேண்டும், தினமும் நாயகியின் மேசைப் பக்கம் வந்துபோகவும் வேண்டும். பெருந்தலைவர் மேசை மேசையாகச் சுற்ற முடியாது. தேரியால் யாரையும் மிரட்ட முடியாது. வேலை பார்த்து முப்பதில் யாரும் அந்த நாற்காலிக்கு வர முடியாது என்பது பார்க்கிற கொரியர்களுக்கும் தெரியும். 'ஷில்ஜாங்-நிம்' ('நிம்' என்பது மரியாதை ஒட்டு) என்ற சொல்லே அங்கே ஒரு கேலிச்சொல்லாகிவிட்டது.

இங்கே ஒரு வேடிக்கை. பதவிப் பெயர் சொல்லி அழைப்பதைக் கைவிட்டு, எல்லோரையும் பெயருடன் 'நிம்' சேர்த்து அழைக்கும் முறையை சிஜே குழுமம் 2000-லேயே கொண்டுவந்தது. இணைய நிறுவனமான காக்காவ், ஆளுக்கொரு ஆங்கிலப் பெயர் வைத்துக்கொண்டு அழைக்கும் வழக்கத்தைக் கொண்டுவந்தது. ஏணி ஏணியாகப் பதவிகளை அடுக்கிக் காதல் கதை சொன்ன டிவிஎன் அலைவரிசை அதே சிஜே குழுமத்தைச் சேர்ந்தது. சொந்த அலுவலகத்தில் ஏணியை எடுத்துவிட்டார்கள், திரையில் மட்டும் பத்திரமாகச் சாத்தி வைத்திருக்கிறார்கள். அது இல்லாமல் கதை நிற்காது.

நான்காம் படி: காதால் பாருங்கள்

ஏணி தெரிந்துவிட்டது. இனி 'நிம்' என்ற சின்ன ஒட்டைக் கவனியுங்கள். 'சாஜாங்-நிம்', 'புஜாங்-நிம்' என்று பதவியோடு ஒட்டிக்கொண்டு வரும். நம் 'ஐயா', 'அவர்கள்' போன்ற மரியாதை. மேலே இருப்பவரைப் பெயர் சொல்லி அழைப்பது நினைத்துப் பார்க்க முடியாத காரியம். 'ஷ்ஷி' என்ற இன்னோர் ஒட்டும் உண்டு, 'ஹா-ரி ஷ்ஷி' என்பதுபோல. இது சமமானவரிடமோ மேலிருந்து கீழோ போகும்; கீழிருந்து மேலே போகாது. எழுத்தில் இரண்டையும் பல நேரம் 'மிஸ்டர்', 'மிஸ்' என்று ஒரே தட்டில் வைத்துவிடுவார்கள். காதுதான் காப்பாற்ற வேண்டும்.

அடுத்தது பேச்சின் உயரம். மரியாதைப் பேச்சு 'ஜோன்தேன்மல்'. ஒட்டி உறவாடும் பேச்சு 'பான்மல்'. ஆங்கில எழுத்தில் பார்ப்பவர் இதை முற்றாக இழக்கிறார், அவருக்கு எல்லாம் 'யூ'. தமிழ் வாசகருக்கு இது பாடமே இல்லை. 'நீங்கள்' என்பது 'நீ' ஆகும் கணத்தில் ஒரு வீட்டில் என்னென்ன நடக்கும் என்று நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கொரியத்தில் இந்த வேறுபாடு பெரும்பாலும் வினைச்சொல்லின் வாலில் இருக்கும். வாக்கியம் 'யோ' என்றோ 'ம்னிதா' என்றோ முடிந்தால் மரியாதை. வால் அறுந்து மொட்டையாக முடிந்தால் பான்மல். ஒரே மாலையில் பிடிபட்டுவிடும்.

பிடிபட்டதும் காட்சிகள் மாறிவிடும். சண்டையின் நடுவே ஊழியர் வால் இல்லாமல் ஒரு வாக்கியம் பேசுவார், அறை உறைந்துபோகும். எழுத்தில் ஒன்றுமே தெரியாது. சாதாரண வாக்கியம்தான் ஓடும். மாலையில் ஆற்றங்கரையில் மேலதிகாரி "வேலை முடிந்துவிட்டதே, இன்னுமா என்னைப் பதவி சொல்லி அழைக்கிறாய்?" என்பார். அவள் வாயைத் திறந்து, மூடி, பழையபடி 'நிம்' என்றே முடிப்பாள். இவை முத்தக் காட்சியைவிட நெருக்கமானவை என்று நான் சொன்னால் மிகைப்படுத்துவதாக நினைப்பீர்கள். ஆறாவது பகுதி தாண்டியபின் சொல்லுங்கள்.

தமிழ்க் காதுக்கென்றே ஒரு எச்சரிக்கை. கொரியத்தில் அப்பாவை 'ஆப்பா' என்றும் அம்மாவை 'ஒம்மா' என்றும் அழைப்பார்கள். கேட்டவுடன் நம் வீட்டுச் சொல் என்று மனம் குளிரும். அதே குளிர்ச்சியில் 'ஓப்பா'வையும் அப்பா என்று எடுத்துக்கொண்டால் விபரீதம். பெண் தன் அண்ணனையும், தன்னைவிட மூத்த நெருக்கமான ஆணையும், காதலனையும் அழைக்கும் சொல் அது. ஆண் தன்னைவிட மூத்த பெண்ணை அழைப்பது 'நூனா'. பதவியிலிருந்து 'ஓப்பா'வுக்கு வருவது நீண்ட தூரம். சில நாயகிகள் கடைசிவரை மறுத்துவிடுவார்கள். அந்த மறுப்பிலும் ஒரு கொஞ்சல் இருக்கும்.

ஐந்தாம் படி: மேசையைப் படியுங்கள்

'ஹ்வேசிக்' என்று கேட்டதும் நிமிர்ந்து உட்காருங்கள். அலுவலகக் குழுவாகப் போய்ச் சாப்பிட்டுக் குடிக்கும் இரவு அது. பகலில் பேச முடியாதது அங்கேதான் வெளியே வரும். முதல் சுற்று இறைச்சி சுடும் கடையில், இரண்டாவது பீர் கடையில், மூன்றாவது பாட்டு அறையில். சுற்றுக்கு 'ச்சா' என்று பெயர்: 'இல்-ச்சா', 'இ-ச்சா', 'சாம்-ச்சா'. எந்தச் சுற்றில் மேலதிகாரி கிளம்பிப் போகிறார் என்பதை வைத்தே அவர் நல்லவரா என்று ஊழியர்கள் முடிவு செய்வார்கள். அட்டையை நீட்டிவிட்டு முதல் சுற்றோடு போகிறவர் தெய்வம்.

கைகளைக் கவனியுங்கள். மூத்தவருக்கு ஊற்றும்போது இரண்டு கைகளாலும் புட்டியைப் பிடிக்க வேண்டும். அவர் ஊற்றினால் இரண்டு கைகளாலும் கோப்பையை ஏந்த வேண்டும். குடிக்கும்போது முகத்தைப் பக்கவாட்டில் திருப்பிக்கொள்ள வேண்டும். இது தெரிந்தபின், ஒரு தலைவன் தன் ஊழியைக்கு இரண்டு கையால் ஊற்றுகிற காட்சி வந்தால், அவன் இன்னும் வாய் திறக்கவில்லை என்றாலும் சொல்லிவிட்டான் என்று தெரிந்துகொள்வீர்கள்.

மற்ற இடங்கள் சுலபம். மின்தூக்கி என்றால் மாட்டிக்கொள்வது. மொட்டைமாடி என்றால் அழுவது. காபி போடும் சிற்றறை என்றால் வம்பு. அங்கே பேசப்படுவது எல்லாம் சம்பந்தப்பட்டவர் காதில் விழுந்தே தீரும். 'யாகுன்' என்னும் இரவு வேலை என்றால், மற்ற மேசைகளின் விளக்குகள் அணைந்து இரண்டு விளக்குகள் மட்டும் எரியும். யாருடைய விளக்குகள் என்று சொல்ல வேண்டுமா?

ஆறாம் படி: வேகத்தைக் கட்டுப்படுத்துங்கள்

இவை வாரத்துக்கு இரண்டு பகுதி வீதம் ஒளிபரப்பாக எழுதப்பட்டவை. திங்கள்-செவ்வாய், புதன்-வியாழன் என்று அடுத்தடுத்த நாள்களில் வரும். அதனால் இரட்டைப்படைப் பகுதியின் முடிவில் கொக்கி கொஞ்சம் பலமாக இருக்கும். பார்ப்பவர் ஐந்து நாள் காத்திருக்க வேண்டுமே. நீங்கள் பகுதி முடியும் இடத்தில் நிறுத்தப் பார்த்தால் நிறுத்தவே முடியாது, விடிந்துவிடும். அடுத்த பகுதியில் இருபது நிமிடம் போய், அந்தச் சிக்கல் அவிழ்ந்து எல்லோரும் சாப்பிட உட்காரும் இடத்தில் நிறுத்துங்கள். அங்கே கொக்கி இருக்காது. என் கண்டுபிடிப்புகளிலேயே உருப்படியானது இதுதான்.

16 பகுதித் தொடர்களில் 12-லிருந்து 14 வரை பெரும்பாலும் தொய்வு வரும். திடீரென்று பிரிவார்கள், பழைய குடும்ப ரகசியம் ஒன்று முளைக்கும், யாராவது வெளிநாடு போவார்கள். பல காலம் படப்பிடிப்பு ஒளிபரப்போடு போட்டி போட்டு ஓடியது. அன்றைய காட்சிக்கான தாள்கள் அன்றே வந்து சேரும். அதற்கு 'ஜோக்-தேபோன்', துண்டுக் கதைத்தாள், என்று பெயர்கூட உண்டு. அந்த வழக்கம் பெரும்பாலும் போய்விட்டது, தொய்வு மட்டும் பரம்பரைச் சொத்தாக நிற்கிறது. இங்கே வேகப்படுத்திப் பார்ப்பது பாவமில்லை.

சில தொடர்களுக்கு 32 பகுதி என்று போட்டிருக்கும், மலைக்காதீர்கள். கொரியாவின் தரைவழி அலைவரிசைகள் நிகழ்ச்சியின் நடுவே விளம்பரம் போட 2021 வரை தடை இருந்தது. அதைத் தாண்ட ஒரு மணி நேரப் பகுதியை இரண்டாகப் பிளந்து, 'இரண்டு பகுதிகளுக்கு இடையே' விளம்பரம் போட்டார்கள். 32 என்றால் பழைய கணக்கில் 16தான்.

ஏழாம் படி: அடுத்தடுத்து எதை எடுப்பது

இரண்டாவதாக 'வாட்ஸ் ராங் வித் செக்ரட்டரி கிம்'. டிவிஎன், 2018 ஜூன் 6 முதல் ஜூலை 26 வரை, 16 பகுதிகள். வலைநாவலாகத் தொடங்கி, வலைச் சித்திரக்கதையாகி, பிறகு திரைக்கு வந்தது; இந்த வகைத் தொடர்கள் பலவும் இப்போது வரும் வழி இதுதான். ஒரு குழுமத்தின் துணைத் தலைவன் லீ யங்-ஜூன் (பார்க் சோ-ஜூன்). கண்ணாடி பார்த்தால் தன் அழகில் தானே கிறங்குபவன். அவனுக்கு 9 ஆண்டுகளாகச் செயலாளராக இருக்கும் கிம் மி-சோ (பார்க் மின்-யங்) முதல் பகுதியிலேயே வேலையை விடுவதாகச் சொல்கிறாள். அப்பாவின் கடன் அடைந்துவிட்டது, அக்காக்களைப் படிக்க வைத்தாகிவிட்டது, இனி என் வாழ்க்கையைப் பார்க்கப் போகிறேன் என்கிறாள். அவனுக்கு அது விளங்கவே இல்லை. 'கிம் பிசோ ஏன் இப்படிச் செய்கிறாள்?' என்பதுதான் கொரியத் தலைப்பின் பொருள். பிசோ என்றால் செயலாளர். அவன் அவளை அப்படித்தான் அழைக்கிறான், அவள் பெயரைத் தலைப்புகூடச் சொல்வதில்லை. அவன் பேசுவது பான்மல், அவள் பேசுவது நூல் பிடித்த மரியாதை. அவள் அவன் கழுத்துப்பட்டையைக் கட்டிவிடும் காட்சியைத் தொடக்கத்திலும் பிற்பாதியிலும் ஒப்பிட்டுப் பாருங்கள், கைகள் அதே வேலையைத்தான் செய்கின்றன.

மூன்றாவதாகப் பின்னோக்கிப் போய் 2005-இன் 'மை நேம் இஸ் கிம் சாம்-சூன்'. எம்பிசி, 16 பகுதிகள். கடைசிப் பகுதியைப் பார்த்தவர்களின் வீதம் கொரியாவில் ஐம்பது விழுக்காட்டைத் தாண்டியது. பாரிசில் படித்துவந்த கேக் கலைஞர் சாம்-சூன் (கிம் சன்-ஆ). முப்பதைத் தொட்டவள், ஒல்லியில்லை, வாய் சும்மா இருக்காது. பெயரே பட்டிக்காட்டுப் பழம்பெயர் என்று கூசி, மாற்றிக்கொள்ள அலைகிறாள். உணவகத்து முதலாளி (ஹ்யூன் பின்) திருமண நச்சரிப்பிலிருந்து தப்பிக்க அவளைப் போலிக் காதலியாக அமர்த்துகிறான். வீடு போகாமல் காக்க அவளுக்குத் தேவை 5 கோடி வோன். ஆயிரம் வோனுக்கு ஏறக்குறைய அறுபது ரூபாய் என்று இன்றைய கணக்கில் போட்டால் முப்பது லட்சம் ரூபாய். பணத்தை வாங்கிக்கொண்டவள் அடங்கிப் போனாளா? முதலாளிக்கே 'சாம்-சிக்' என்று ஒரு பட்டிக்காட்டுப் பெயரைச் சூட்டிவிட்டாள். ஏணியை ஏறாமல் பிடுங்கிப்போட்ட நாயகி அவள். காட்சிகளின் வேகமும் உடைகளும் பழையவை, அவன் நடந்துகொள்ளும் முறை பல இடங்களில் எரிச்சலூட்டும். அவளுக்காகப் பாருங்கள்.

'காபி பிரின்ஸ்' (எம்பிசி, 2007, 17 பகுதிகள்) தனி ரகம். ஆண்களை மட்டும் வேலைக்கு வைக்கும் காபிக்கடையில் ஆண் வேடத்தில் சேர்கிற பெண் (யூன் உன்-ஹே), ஆண் என்றே நம்பிக்கொண்டு அவளை நேசிக்கத் தொடங்கும் முதலாளி (கோங் யூ). தன் மனம் போகும் போக்கு அவனுக்கே கலக்கம் தருகிறது. அந்தக் கலக்கத்தை 2007-இல் ஒரு வெகுமக்கள் தொடர் கேலியாக்காமல் நிதானமாகக் காட்டியது.

மேலதிகாரி பெண்ணாக இருந்தால்? இரண்டு தொடர்கள். 'ஃபோர்காஸ்டிங் லவ் அண்ட் வெதர்' (ஜேடிபிசி, 2022, 16 பகுதிகள்) கொரிய வானிலைத் துறையில் நடக்கிறது. பிரிவுத் தலைவியான நாயகி ஏற்கெனவே உடன் வேலை செய்தவனோடு திருமணம் வரை போய் முறிந்தவள். ஊரறிந்த அந்த முறிவுக்குப் பிறகு தினமும் அதே கட்டடத்தில் அவன் முகத்தில் விழிக்க வேண்டும். அலுவலகக் காதல் கெட்டுப்போனால் என்ன விலை என்பதை இவ்வளவு நேராகக் காட்டிய தொடர்கள் குறைவு. மழைக் கணிப்பும் மனக் கணிப்பும் ஒன்று என்று அடிக்கடி நினைவூட்டுவதுதான் சலிப்பு.

மற்றொன்று 'லவ் ஸ்கவுட்' (எஸ்பிஎஸ், 2025, 12 பகுதிகள்). பெரிய நிறுவனங்களுக்கு ஆள் தேடித்தரும் நிறுவனத்தின் தலைவி ஹான் ஜி-மின். வேலையில் புலி, மற்ற எதிலும் கைநாட்டு. அவருக்குச் செயலாளராக வருபவர் லீ ஜுன்-ஹ்யோக், தனியாக மகளை வளர்க்கும் அப்பா. தலைவியைச் 'சாஜாங்-நிம்' என்று யாரும் அழைப்பதில்லை, புதிய காலத்து நிறுவனங்களில் புழங்கும் 'தேப்யோ-நிம்' என்றுதான் அழைக்கிறார்கள். இருவரும் முப்பது கடந்தவர்கள், ஒருவர் பேசுவதை மற்றவர் முடிக்க விட்டுக் கேட்கிறார்கள். என்னைக் கேட்டால் இந்த வகையின் பொறுப்பான முகம் இதுதான். ஆனால் முதல் தொடராக எடுக்காதீர்கள். உப்பும் காரமும் பழகாத நாக்குக்குப் பத்தியச் சாப்பாட்டின் அருமை தெரியாது.

'கிங் த லேண்ட்' (ஜேடிபிசி, 2023, 16 பகுதிகள்) பற்றி எல்லோரும் கேட்பதால்: ஹோட்டல், பளபளப்பு, அழகான இருவர், கதை மெலிவு. அரபு இளவரசர் ஒருவரைச் சித்திரித்த விதத்துக்காகத் தயாரிப்பாளர்கள் மன்னிப்புக் கேட்க நேர்ந்தது. காய்ச்சலோடு படுத்திருக்கும் வாரத்துக்கு உகந்தது.

எட்டாம் படி: கடிதம் யார் கையில்?

சம்பளம் தருபவர் காதலைச் சொன்னால், வாங்குபவர் சுதந்திரமாக மறுக்க முடியுமா? இந்தக் கேள்வியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே பாருங்கள். பழைய தொடர்களில் நாயகன் நாயகியின் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு போவது காதலாகக் கருதப்பட்டது. இன்று கொரியப் பார்வையாளர்களே அதை முகம் சுளித்துத்தான் பார்க்கிறார்கள். இடையில் நாடு மாறியது. 2018 ஜனவரியில் பெண் அரசு வழக்கறிஞர் ஒருவர் பணியில் தனக்கு நேர்ந்த பாலியல் தொல்லையைத் தொலைக்காட்சிச் செய்தியில் வெளிப்படையாகச் சொன்னார். அதிலிருந்து பல துறைகளில் வாய்கள் திறந்தன. அதே ஆண்டு ஜூலை 1-ஆம் தேதி, 300 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடங்களில் வாரத்துக்கு 52 மணி நேரம் என்ற உச்சவரம்பு நடைமுறைக்கு வந்தது. செக்ரட்டரி கிம் ஒன்பது ஆண்டுகள் இரவு பகலாக உழைத்துக் களைத்த கதை ஒளிபரப்பாகிக்கொண்டிருந்த மாதம் அது. 2019 ஜூலை 16 முதல் வேலையிடக் கொடுமைக்கு எதிரான சட்டத் திருத்தமும் வந்தது. மேலே இருப்பவர் கீழே இருப்பவரை மிதிப்பதற்கு 'காப்ஜில்' என்று கொரியத்தில் தனிச்சொல்லே உண்டு.

இவ்வகைத் தொடரை எடைபோட நான் வைத்திருக்கும் கல் ஒன்றுதான்: ராஜினாமாக் கடிதம். கொரியத்தில் 'சாஜிக்சோ'. வெள்ளை உறையில் வைத்து மேசைமேல் வைப்பார்கள். நாயகியால் அந்த உறையை வைத்துவிட்டுப் போக முடியுமா? போனால் அவளுக்குப் பிழைப்பு உண்டா? மி-சோ தொடக்கத்திலேயே வைத்துவிடுகிறாள். அதனால்தான் அதற்குப் பிறகு அவள் தங்குவதற்கு மதிப்பு. சாம்-சூன் கையில் தொழில் இருக்கிறது. எந்த ஊரிலும் கேக் சுட்டுப் பிழைப்பாள், அதனால் வாய்க்கு வந்ததைப் பேசுகிறாள். ஹா-ரியோ வேலை போய்விடுமோ என்ற பயத்தில்தான் பாதித் தொடரை ஓட்டுகிறாள்; சிரித்துக்கொண்டே பார்த்தாலும் அந்த இடங்களில் எனக்குச் சற்று நெருடும். உறையே கண்ணில் படாத தொடர் என்றால், நாயகன் எத்தனை அழகனாக இருந்தாலும், நான் நான்காம் பகுதியோடு எழுந்துவிடுவேன்.

ஒன்பதாம் படி: காதலே இல்லாத ஒன்று

நான்கைந்து தொடர் முடிந்தபின் திகட்டும். அலுவலகம் என்பது இவ்வளவு மின்தூக்கியும் குடையுமா என்று சந்தேகம் வரும். அப்போது 'மிசெங்' பாருங்கள். டிவிஎன், 2014, 20 பகுதிகள். ஒரு வணிக நிறுவனம், ஒப்பந்தத்தில் சேர்ந்த பயிற்சி ஊழியன் ஜாங் கு-ரே. கல்லூரிப் படிப்பு இல்லாதவன், பதவி என்று சொல்ல ஒன்றும் இல்லாதவன். மூன்றாம் படியில் நீங்கள் கற்ற ஏணியில் அவனுக்குப் படியே கிடையாது.

தொடக்கப் பகுதிகளில் ஒன்றில், வேறு குழுவைச் சேர்ந்த பயிற்சியாளன் ஒருவனால் நேர்ந்த பிழைக்கு கு-ரே திட்டு வாங்குகிறான். திட்டியது அவனுடைய பிரிவுத் தலைவர் ஓ. இரவு, ஹ்வேசிக் முடிந்த தெருவில், குடித்துவிட்டுத் தள்ளாடும் அதே ஓ, எதிரே வந்த மற்றக் குழுத் தலைவரைப் பிடித்துக்கொண்டு சண்டைக்குப் போகிறார். உங்கள் பையன் செய்த வேலையால் எங்கள் பையன் திட்டு வாங்கினான் என்கிறார். 'எங்கள் பையன்' என்பதற்குக் கொரியத்தில் 'உரி ஏ'. கு-ரே சற்றுத் தள்ளி நின்று அந்த இரண்டு சொற்களைக் கேட்கிறான். பிறகு தனக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொள்கிறான்.